தாம்பாளத்துக்கு நான் எழுதிய ஆங்கிலம்

1

பள்ளியின் பழைய மாணவியர் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பனி, ரயில், பெரிய ஆஸ்பத்திரி என்று எதையெதை எழுத வேண்டும் என்பதையும் நீங்களே குறித்து அனுப்பிவிட்டீர்கள். பனியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? விழும், அழுக்காகும், வழுக்கும். இருபத்து நாலு வருஷத்தில் இரண்டு தடவை அதில் விழுந்து இடுப்பு போனதுதான் மிச்சம். எனக்கு எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள், நடுவில் மட்டும் வெட்டாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அனிதா ஒரு தோழியோடு வந்திருந்தாள். அனிதாவுக்கு இருபத்தொரு வயது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மாதத்தில் ஒருநாள் அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள், மெஷினில் போட்டுவிட்டு, அது முடியும் வரைக்கும் எனக்கு மகளாக இருப்பாள். அன்றைக்கு இரண்டு பெண்களும் சிரித்துப் பேசிக்கொண்டே அலமாரியைக் குடைந்து, நான் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவிட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து அதில் கொட்டி, நடுவில் சாஸ் கிண்ணத்தையும் வைத்துவிட்டார்கள். நான் கீழே கிடந்த சேலைத் துண்டை எடுத்து மடித்து வைத்தேன்.

அந்தப் பெண்தான் கேட்டாள், இது அழகாக இருக்கிறதே, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று. அனிதாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

"தாம்பாளம்" என்றேன்.

"டம்பாலம்" என்றாள் என் மகள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ட்ரே" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். இதே வார்த்தைக்கு ஒரு காலத்தில் இரண்டு பக்கம் ஆங்கிலம் எழுதியவள் நான். அந்த இரண்டு பக்கத்தால் என் தங்கச்சி ஸ்டெல்லாவின் வாழ்க்கை நாசமாய்ப் போனது. ஏற்காட்டில் உங்களில் பாதிப் பேருக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். அவளைப் பற்றி ஒரு பேச்சும் தெரியும். அந்தப் பேச்சு பொய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

2

எங்கள் அப்பா ஞானப்பிரகாசம் கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் பட்லர். எங்கள் வீட்டில் ஒரே சாமானுக்கு மூன்று நாலு பெயர் உண்டு. பங்களாவில் டீ கொண்டுபோவது டிரே. துரைக்கு வரும் தந்தியும் கடிதமும் வைத்து நீட்டுவதற்கு வெள்ளியில் சின்னதாக ஒன்று இருந்தது, அது சால்வர். கோயிலில் காணிக்கைக்கு வருவது தட்டு. வீட்டில் பரண்மேல் புளி போட்டு விளக்கி, கவிழ்த்து வைத்திருப்பது தாம்பாளம். அதை இறக்கினால் வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு இந்த விஷயத்தில் கிண்டல் அதிகம். அம்மா ஒருமுறை பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் பழம் வைத்துத் தாம்பாளத்தை இடுப்பில் அணைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏம் புள்ள, அதென்ன டிரேன்னு நெனச்சியா?" என்றார் அப்பா. "ஒத்தக் கையில புடிச்சா டிரே. ரெண்டு கையிலயும் புடிச்சாத்தான் தாம்பாளம். பட்லர் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியலைன்னா ஊரு சிரிக்கும்."

"ஆமா, உங்க தொரை வந்து பாக்கறாரு பாருங்க" என்று அம்மா நொடித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

நான் பெரியவள், ஸ்டெல்லா என்னைவிடப் பத்து வயது இளையவள். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் நர்ஸ் படிப்பு முடித்து, எழுபத்து நாலில் இங்கிலாந்தின் வடக்கே இந்த மழை ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவள் பாவாடை சட்டையில் இருந்தாள். சேலம் ஸ்டேஷனில் என் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, அங்க மாடெல்லாம் இருக்குதா?" என்று கேட்டாள். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அம்மா அதற்கு அடுத்த வருஷம் காமாலையில் போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பாவும் ஸ்டெல்லாவும்தான்.

3

இங்கே வந்த புதிதில் நடந்த ஒரு கதையைச் சொன்னால்தான் நான் எப்படிப்பட்ட மடச்சி என்பது புரியும். வார்டில் ஒரு கிழவர் இறந்துபோனார். அவர் மனைவி போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வோமோ அப்படியே மரியாதையாக, உங்கள் கணவர் 'எக்ஸ்பயர்டு' என்றேன்.

அந்த அம்மாள், "எது, அவருடைய பஸ் பாஸா?" என்று கேட்டாள்.

ஹெட் நர்ஸ் வந்து போனைப் பிடுங்கிப் பேசினாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஊரில் பால்தான் எக்ஸ்பயர் ஆகும், டிக்கெட்தான் எக்ஸ்பயர் ஆகும், மனுஷர்கள் செத்துத்தான் போவார்கள் என்றாள். நாலு பேர் முன்னால் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவள்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளியில் ஆங்கிலத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் என்ற திமிர் போகவே இல்லை. நம்ம ஜனங்களுக்கு யாருக்கு அரசாங்கத்திலிருந்து காகிதம் வந்தாலும், "பிலோமினாகிட்டக் குடு, அவ எழுதுவா" என்பார்கள். நானும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

4

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் சேவியர் என்று ஒரு பையன் இருந்தான். குப்பனூர்க்காரன். அதிகம் வாய் பேசாத பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். ஸ்டெல்லாவின் படத்தை அவனுக்குக் காட்டியது நான். அவனுடைய படத்தை அவளுக்கு அனுப்பியதும் நான். இரண்டு பேரும் ஒரு வருஷம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஸ்டெல்லா எனக்கு எழுதும் கடிதத்தில் மழை, காப்பிப் பழம், அப்பாவின் இருமல் எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும் "அவரையும் கேட்டதாகச் சொல்லு" என்று சின்ன எழுத்தில் போடுவாள்.

எண்பத்திரண்டு பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் சேவியரும் ஒன்றாக லீவு போட்டுக்கொண்டு போனோம். மூன்றே வாரம். கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்காமல் கல்யாணம் நடக்காது. அதற்குள் தவக்காலம் வந்துவிடும். தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறுங்கம்மா" என்றார் சாமியார்.

ஈஸ்டர் வரைக்கும் எங்கள் ஆஸ்பத்திரி பொறுக்காது. ஆகவே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் தாம்பாளம் மாற்றி நிச்சயம் பண்ணிக்கொள்வது, ஸ்டெல்லா பிறகு விசா வாங்கி இங்கே வருவது, எங்கள் கோயிலிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ணினோம்.

குப்பனூரிலிருந்து இரண்டு ஜீப்பில் வந்தார்கள். எஸ்டேட் லயன் வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பங்களாவிலிருந்து கேட்டு வாங்கிய சமுக்காளத்தை விரித்தோம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சேலை, ஜெபமாலை எல்லாம் வைத்து அப்பா எங்கள் தாம்பாளத்தை நீட்ட, சேவியரின் அம்மா அவர்கள் தாம்பாளத்தை நீட்டினாள். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் வெள்ளை அங்கியோடு நடுவில் நின்று கையைத் தூக்கி ஜெபம் சொன்னார். அந்த நேரம் பார்த்து, என் கேமராவில் என் வீட்டுக்காரர் ஒரு படம் எடுத்தார்.

"ஏனுங்க பட்லரய்யா" என்று சேவியரின் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள், "இன்னிமே ஸ்டெல்லா எங்கூட்டுப் புள்ளைங்க. உங்கூட்டுல சும்மா வெச்சிருக்கறீங்க, அவ்வளவுதானுங்க."

"செரிங்க, செரிங்க, மாப்பிள்ளை சொன்னா இப்பவே அனுப்பி வெக்கறனுங்க" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

5

விசாவுக்கு எழுதிப் போட்ட இரண்டு மாதம் கழித்து, இங்கே என் பெயருக்கு விசா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இணைத்திருந்த அந்தப் படத்தின் நகல் ஒன்றையும் வைத்திருந்தார்கள். இந்தப் படத்தில் நடப்பது என்ன சடங்கு, இதற்குப் பிறகு இவர்களுடைய உறவு என்ன, விளக்கி எழுதவும் என்று இரண்டே கேள்வி. நிச்சயம் பண்ணியிருக்கிறோம், கல்யாணம் இனிமேல்தான் என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு வரி! பள்ளிப் பிள்ளைகூட எழுதியிருக்கும்.

நான் காலை டியூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் தாம்பாளத்துக்கு வார்த்தை தேடினேன். ட்ரே என்று எழுத மனசு வரவில்லை. அன்றைக்குக் காலையில்தான் வார்டில் பன்னிரண்டு டிரேயிலிருந்து நோயாளிகள் மிச்சம் வைத்த கஞ்சியையும் கஸ்டர்டையும் வழித்துக் கொட்டியிருந்தேன். என் தங்கச்சியின் நிச்சயத்தை அந்த வார்த்தையில் எப்படி வைப்பது? பிளேட் என்றால் சோறு தின்கிற சாமான். அகராதியில் சால்வர் என்று போட்டிருந்தது. அப்பா துரைக்குத் தந்தி நீட்டின சால்வர். அது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது. 'சடங்குக்குரிய சால்வர்களை மாற்றிக்கொள்ளுதல்' என்று எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால், ஏதோ பாத்திரக்கடை வியாபாரம் மாதிரி இருந்தது. இதை நம்பி எவன் விசா கொடுப்பான் என்று பயம் வந்துவிட்டது.

பெரிய காகிதங்கள் எப்படிப் பேசும் என்று பார்க்க, என்னுடைய கோயில் கல்யாணச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு வார்த்தை இருந்தது. சாலம்னைஸ்டு. வாய் நிறையச் சொல்லிப் பார்த்தேன். என்ன கம்பீரம்! 'சால்வர்களை மாற்றிக்கொள்ளும் சடங்கு, திருச்சபையின் ஊழியர் முன்னிலையில் சாலம்னைஸ் செய்யப்பட்டது' என்று திருத்தினேன். அதோடு விட்டேனா? சேவியரின் அம்மா சொன்னதையும் போட்டேன், அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்குச் சொந்தம் என்று. அப்பா அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதற்கு 'சன்-இன்-லா' என்று எழுதினேன். எங்கள் ஜனங்களில் இதை யாராலும் பிரிக்க முடியாது என்று முடித்தேன். எவ்வளவு கெட்டியாகக் கட்டுகிறேனோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு.

என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "வக்கீல் எழுதின மாதிரி இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

சாலம்னைஸ்டு என்றால் சட்டப்படி கல்யாணமே நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்பது, விசா மறுத்து வந்த காகிதத்தைக் காட்டியபோது இங்கே ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

6

மெட்ராஸில் நேர்காணல் வைத்தார்கள். அப்பாவும் ஸ்டெல்லாவும் ரயிலில் போனார்கள். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள், என்ன கேட்டார்கள் என்றால் "என்னமோ கேட்டாங்கப்பா" என்றாளாம். அப்பா எனக்கு எழுதியது அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் ஸ்டெல்லாவுக்குப் பதில் வந்தது, எனக்கும் ஒரு நகல் வந்தது. நிச்சயம் ஆனவர் என்று விண்ணப்பித்திருக்கிறார், ஆனால் ஏற்கனவே திருமணச் சடங்கு நடந்திருப்பதாக அவருடைய அக்காவே எழுதியிருக்கிறார், நேர்காணலிலும் அதை இவர் மறுக்கவில்லை, ஆகவே விண்ணப்பம் உண்மையானதல்ல. இதுதான் சாரம். நான் பதறிப்போய், ஐயோ கல்யாணம் ஆகவில்லை என்று இன்னொரு கடிதம் எழுதினேன். இப்போது என் கையெழுத்திலேயே ஒன்றுக்கொன்று நேர்மாறாக இரண்டு கடிதம். அப்பீல் போட்டோம். அது முடியும் வரை ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிவிடாதீர்கள், நிச்சயம்தான் ஆகியிருக்கிறது என்று முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும் என்றார் வக்கீல். ஒன்றரை வருஷம் இழுத்து, அப்பீலும் தோற்றது.

அதற்குள் ஊரில் வேறு நடந்துகொண்டிருந்தது. அந்த இங்கிலீஷ் காகிதத்தை அப்பாவால் முழுதாகப் படிக்க முடியவில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். ரைட்டர் படித்துவிட்டு, "உம்மட பொண்ணுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சுன்னு போட்டிருக்குதுங்க பட்லரய்யா" என்று சொல்லியிருக்கிறார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, எழுதியிருந்ததைச் சொன்னார். டீக்கடையில் அது, 'யாரோடயோ ஏற்கனவே ஆயிருச்சாம்' என்று ஆனது. குப்பனூருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆளுக்குப் பெயரும் ஊரும்கூட வைத்துவிட்டார்கள்.

அப்பீல் தோற்ற மாதம் சேவியரின் அம்மா வந்து எங்கள் தாம்பாளத்தை வாசலில் வைத்தாளாம்.

"தப்பா நெனைக்காதீங்க. கெவுருமெண்டு காயிதத்துலயே எழுதியிருக்குதுங்க. நாங்க எப்பிடிங்க எடுக்கறது?"

"அது உம்மட பையங்கூட நடந்த நிச்சயத்தத்தானுங்க அப்பிடி எழுதிப்போட்டாங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். கையைக்கூடக் கூப்பியிருக்கிறார்.

"அதெல்லாம் எங்களுக்கு வெளங்கலீங்க" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய தாம்பாளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

சேவியருக்கு உண்மை தெரியும். என் சமையலறையில் நின்றுகொண்டு அழுதான். "அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்கக்கா" என்றான். முதுகெலும்பு இல்லாத பயல் என்று நேராகவே சொன்னேன். இரண்டு வருஷத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். இன்றைக்கும் இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். எதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போவான்.

ஸ்டெல்லாவை அதற்கப்புறம் இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டார்கள். இரண்டு வீட்டாரும் கோயிலில் விசாரித்தார்கள். புதிதாக மாறி வந்திருந்த சாமியார் நாலு பேரைக் கேட்டார். நாலு பேரும் அந்தக் காகிதத்தைச் சொன்னார்கள். பிறகு யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு பள்ளி விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பதினாலு வருஷம் அந்த அலுவலகத்தைத் திட்டினேன். தாம்பாளம் என்றால் என்னவென்று தெரியாத ஜனங்கள், மனுஷர் பேச்சு புரியாத ஜனங்கள் என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு கூட்டத்தில் மேடையேறிக்கூடப் பேசினேன். கை தட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த அனிதாவுக்கு அது எதுவும் ஏறவில்லை. அவள் பத்து வயதில் என்னைக் கேட்டாள், ஸ்டெல்லா ஆன்ட்டி கன்னியாஸ்திரீயா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

7

தொண்ணூற்றாறில் அப்பா இறந்துபோனார். தந்தி வந்து, லீவு கிடைத்து, நான் ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு முப்பத்தைந்து வயது. காதோரம் நரைத்திருந்தது. விடுதியில் பெரிய அண்டாவைத் தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். சாப்பாடு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணிலிருந்து அவள் தாம்பாளத்தை இறக்கினாள். பச்சை பிடித்துக் கிடந்தது.

"இத நீ எடுத்துட்டுப் போக்கா. இங்க யாருக்கு வேணும்?"

எனக்கு அடக்க முடியவில்லை. வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்தப் பாவிகளுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும், ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருந்தால் ஆகாதா என்று கத்தினேன்.

"கேட்டாங்களே" என்றாள் ஸ்டெல்லா.

"என்ன கேட்டாங்க?"

"ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாங்க. இல்லீங்கன்னேன். அப்ப ஒங்க அக்கா இப்பிடி எழுதியிருக்காங்களே, அது தப்பான்னு கேட்டாங்க."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"அவங்க இங்கிலீசத் தமிழ்ல மாத்திச் சொல்றக்கு ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாரு. தமிழ்க்காரரு. நொம்ப நல்ல மனுசன். 'தப்புன்னு சொல்லிப்போடு கண்ணு, ஒண்ணும் ஆகாது'ன்னு மெதுவாச் சொன்னாரு. நாங் கேட்டேன், தப்புன்னு சொன்னா எங்க அக்காளுக்கு என்னங்க ஆகும்னு. அவரு அந்த வெள்ளக்காரர்கிட்டக் கேட்டுட்டு, அப்ப அக்கா பொய்க் கடுதாசி குடுத்ததா ஆகும்ன்னாரு."

"அதனால?"

"அதனால என்ன? மறுக்காவும் கேட்டாங்க. எங்க அக்கா எழுதினா செரியாத்தானுங்க இருக்கும்னு சொல்லிட்டேன். ஒன்ற வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா? அனிதா அப்ப சின்னப் புள்ள. எனக்கென்ன, இன்னொருக்கா எழுதிப் போட்டாக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன்."

அவள் இதைச் சொல்லிக்கொண்டே பச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷம் ஒரு கடிதத்தில்கூட இதை எழுதவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். "சொன்னா நீ அழுவ" என்றாள். நான் அழுதேன். ஒப்பாரி வைத்து அழுதேன். அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உனக்கு என்ன செய்யட்டும், சொல்லு, எதுவானாலும் செய்கிறேன் என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். ஊருக்குச் சொல்லு. நாஞ் சொன்னா எவளும் நம்பறதில்ல. விடுதியில புதுசா வர்ற ஆயாகூட, ஒன்ற புருசன் எங்கடின்னு கேக்கறா. ஞாயித்துக்கிழம அப்பாவுக்குப் பூச இருக்குதல்ல, அங்க எந்திரிச்சுச் சொல்லு. நாந்தான் தப்பா எழுதினேன், இவளுக்குக் கல்யாணம் ஆகலைன்னு. அது போதும்."

சொல்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அப்பாவுக்காக எஸ்டேட் ஜனம் எல்லாம் வந்திருந்தது. ரைட்டர் வந்திருந்தார். குப்பனூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கின பிறகு சாமியார், பட்லரய்யாவின் மூத்த மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். நான் எழுந்து போனேன். மைக் பிடித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நம்ம ஊரிலிருந்து போய் நல்லா வந்த பெண் என்கிற மாதிரி. என் கண்ணில் முதலில் பட்டது என்னுடைய ஆங்கில டீச்சர். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் நேர்மையைப் பற்றிப் பேசினேன். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். கோயிலுக்கு ஒரு விளக்கு வாங்கித் தருவதாகச் சொன்னேன். ஸ்டெல்லா மூன்றாவது பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு, கையைக் கோத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்து, வணக்கம் சொல்லி, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில், "நல்லாப் பேசுனக்கா" என்றாள் ஸ்டெல்லா. குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்திப் பேச வராது.

8

அதற்கப்புறம் நான் எழுதிய ஏழு கடிதத்துக்கு அவளிடமிருந்து பதில் இல்லை. எட்டாவதை எழுதவில்லை. எனக்குப் பெருமைதான் பெரிதாக இருந்தது, அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது. ஒரு தரம் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமைக்காக எழுதினேன், ஒரு தரம் பெருமைக்காகவே பேசாமல் வந்தேன். போன வாரம் என் மகள் கேட்டபோது, அதே பெருமைக்கு ஒரு சின்ன வார்த்தையைப் போட்டு மூடிவிட்டு எழுந்தேன்.

நேற்று அனிதாவுக்குப் போன் செய்து, சித்தி கன்னியாஸ்திரீ இல்லை என்று சொல்லிவிட்டேன். முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், அவளுக்கு அதுதானே புரியும். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏன் இன்னும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கல?" என்று கேட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் நேராகக் கேட்க வரும். மன்னிப்பு அவளுக்கு வேண்டாம் கண்ணு, அவள் கேட்டது வேறு என்றேன்.

உங்கள் மலர் பள்ளியில், கோயிலில், எஸ்டேட் ஆபீஸில், குப்பனூரில்கூட நாலு வீட்டில் கிடக்கும் என்று தெரியும். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எண்பத்திரண்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது தாம்பாளம் மாற்றியது மட்டுமே. பட்லர் ஞானப்பிரகாசத்தின் மகள் ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கும் கல்யாணம் ஆகவில்லை, அதற்கு முன்னும் ஆகவில்லை, பின்னும் ஆகவில்லை. ஆகிவிட்டதாக ஒரு காகிதம் சொன்னது என்றால், அந்தக் காகிதத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்றைக்குப் பிள்ளை குட்டியோடு இருப்பாள். இரண்டு தடவை கேட்டும், என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் அவள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: அக்கா எழுதினது தப்பு.